பெரிய வக்கீல் யார்? தரம் பிரிப்பது எப்படி?



கடைக்கு ஒரு நோட்டீசு வந்துவிட்டால் நம்மில் பலர் முதலில் கேட்கும் கேள்வி, "நல்ல வக்கீல் யார் இருக்கிறார்?" என்பதல்ல, "பெரிய வக்கீல் யார் இருக்கிறார்?" என்பதே. சரக்கு வாங்கும்போது நாம் இப்படிக் கேட்பதில்லை. துவரம்பருப்பு மூட்டை வந்தால் உள்ளே இருந்து ஒரு கைப்பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, சொத்தை, உடைசல், கலப்படம் பார்த்து, வாயில் போட்டுக் கடித்தும் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். சாக்கின் மேல் அச்சடித்த முத்திரையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கும் வியாபாரி நெடுநாள் கடை நடத்த முடியாது. ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் முத்திரையை மட்டுமே பார்க்கிறோம்.

வக்கீல் உலகத்திலும் முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பிரிக்கிறார்கள். அதை யார் பிரிக்கிறார்கள், எதை வைத்துப் பிரிக்கிறார்கள், அது நமக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை நம் கடைத்தெருப் பாஷையிலேயே விளக்க முற்படுகிறோம்.

மயிலாப்பூரும் வக்கீல்களும்

நம் அங்கத்தினர்களில் பலர் கடை வைத்திருக்கும் கச்சேரி ரோட்டின் பெயரிலேயே சட்டம் இருக்கிறது. கச்சேரி என்ற சொல்லுக்குப் பாட்டுக் கச்சேரி என்பதோடு, அலுவலகம், நீதிமன்றம் என்ற பொருளும் உண்டு. அங்கிருந்து சிறிது நடந்தால் சிவசாமி சாலை, தேசிகாச்சாரி ரோடு, ஜஸ்டிஸ் சுந்தரம் ரோடு. ஆழ்வார்பேட்டைப் பக்கம் சர் சி.பி.ராமசாமி ரோடு. இவையெல்லாம் சட்டத் துறையில் பேர் பெற்றவர்களின் பெயர்கள்.

சென்னை உயர் நீதிமன்றம் 1862-ல் ஏற்பட்டது. பாரிமுனையில் நாம் காணும் செங்கல் கட்டடம் 1892-ல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பெரிய வழக்குகள் இங்கிலாந்திலிருந்து வந்த பாரிஸ்டர்கள் கையில் இருந்தன. அவர்களுக்கு ஈடாக எழுந்து நின்றவர்கள் மயிலாப்பூர் வக்கீல்கள். வி.பாஷ்யம் அய்யங்கார், சர் எஸ்.சுப்பிரமணிய அய்யர், பி.எஸ்.சிவசாமி அய்யர், வி.கிருஷ்ணசாமி அய்யர் ஆகியோர் அந்த வரிசையில் வருபவர்கள். 1891-ல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் இந்த வட்டாரத்து வக்கீல்களின் முயற்சியில் பிறந்ததே.

இவர்களில் கிருஷ்ணசாமி அய்யரை வணிகர்களாகிய நாம் மறக்கக் கூடாது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற ஆங்கிலேய நிறுவனம் திவாலாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் போட்டிருந்த பணம் போயிற்று. பணம் போட்டவர்கள் சார்பில் அவர் முன்னின்று வாதாடினார். அந்த நிறுவனத்தின் தலைவரான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அத்தோடு அய்யர் நின்றுவிடவில்லை. நம்மவர்களுக்கென்று நம்மவர்களே நடத்தும் வங்கி வேண்டும் என்று முனைந்தார். நாட்டுக்கோட்டை நகரத்தார் கைகொடுக்க, 1907 ஆகஸ்டு 15-ல் இந்தியன் வங்கி வேலையைத் தொடங்கியது.

அன்று யாரும் பட்டியல் போட்டு இவர் முதல், அவர் இரண்டாவது என்று அச்சிடவில்லை. நீதிமன்றத்தில் நீதிபதி யார் பேச்சை நிமிர்ந்து கேட்கிறார், யாரிடம் வேலை பழக ஜூனியர்கள் வரிசையில் நிற்கிறார்கள், சர்க்கார் யாரை அட்வகேட் ஜெனரலாக அமர்த்துகிறது என்பதைப் பார்த்து ஊரே தரம் பிரித்துக்கொண்டது. நம் மண்டியில் தரகு பேசுபவரின் நாணயத்தை எழுதி வைத்தா தெரிந்துகொள்கிறோம்? அதைப் போலத்தான்.

தனி வக்கீலும் வக்கீல் நிறுவனமும்

இன்று "டாப் லா ஃபர்ம்" என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது வேறு வகை. அங்கே ஒரு மனிதரின் பெயரை விட நிறுவனத்தின் பெயரே முக்கியம். பலர் பங்குதாரர்களாகச் சேர்ந்து, கீழே நூற்றுக்கணக்கான வக்கீல்களைச் சம்பளத்துக்கு வைத்து நடத்தும் கூட்டுத் தொழில் அது. கம்பெனிகளை வாங்குவது, விற்பது, வங்கிக் கடன் ஆவணம், பங்கு வெளியீடு, பெரிய வரி வழக்கு முதலியவை அவர்களுடைய சரக்கு.

நம் நாட்டில் இதன் வேர் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருக்கிறது. கேதான் அண்டு கோ 1911-ல் கல்கத்தாவில் தொடங்கியது. அமர்சந்த் மங்கள்தாஸ் 1917-ல் பம்பாயில் தொடங்கியது. கேதான் நிறுவனத்தைத் தொடங்கிய தேவி பிரசாத் கேதான் பிறகு அரசியல் சட்ட வரைவுக் குழுவிலும் இருந்தார். அதே குழுவில் நம் மயிலாப்பூரின் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் இருந்தார். 1948-ல் கேதான் மறைந்ததும் அந்த இடத்துக்கு வந்தவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 1928-ல் ஏஜென்சி வியாபாரம் தொடங்கி, கடை கடையாகச் சரக்கு பரவச் செய்த நம் இனத்தவர்! ஒரு வக்கீலின் நாற்காலியில் ஒரு வியாபாரி அமர்ந்தார் என்பது நமக்கெல்லாம் பெருமை.

சென்னை நெடுங்காலம் தனி வக்கீல்களின் ஊராகவே இருந்தது. ஒரு சீனியர், அவரைச் சுற்றி ஐந்தாறு ஜூனியர், ஒரு குமாஸ்தா; இதுதான் தம்புசெட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் மயிலாப்பூர் வீட்டு முன்னறைகளிலும் நாம் கண்ட அமைப்பு. பெரிய நிறுவனங்கள் வளராததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஒரு கூட்டு வியாபாரத்தில் 20 பங்குதாரர்களுக்கு மேல் சேர முடியாது. வக்கீல்களுக்கும் அதே கதிதான். 2008-ல் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டமும், பிறகு 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும் வந்த பின்பே அந்தக் கட்டு தளர்ந்தது. இன்று மிகப் பெரிய நிறுவனங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வக்கீல்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு பெரிதானாலும் அண்ணன் தம்பி கதை அங்கேயும் உண்டு. அமர்சந்த் மங்கள்தாஸ் நிறுவனம் 2015-ல் சகோதரர்கள் இருவருக்குமாக இரண்டாகப் பிரிந்தது. இரு பங்கும் இன்று முதல் வரிசையில்தான் இருக்கின்றன. பாகம் பிரிந்ததும் படுத்துப்போன மளிகைக் கடைகளை நினைத்தால், இதிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

பட்டியல் போடுவது எப்படி?

இந்த நிறுவனங்களைத் தரம் பிரிப்பது யார்? லண்டனைச் சேர்ந்த லீகல் 500, சேம்பர்ஸ் முதலிய வெளியீடுகள் நாடு நாடாகப் பட்டியல் போடுகின்றன. ஒட்டுமொத்தமாக ஒரே வரிசை போடுவதில்லை. வங்கித் தொழில், வரி, வழக்காடல், தொழிலாளர் சட்டம் என்று துறை துறையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று வைக்கிறார்கள். மிளகாயில் முதல் ரகம் வைத்திருப்பவரிடம் புளியும் முதல் ரகமாக இருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா?

முறை இதுதான். நிறுவனங்களே அந்த ஆண்டு தாங்கள் முடித்த முக்கியமான வேலைகளை எழுதி அனுப்ப வேண்டும். தங்கள் கட்சிக்காரர்களில் சிலருடைய பெயர்களையும் கொடுக்க வேண்டும். பட்டியல் போடுபவர்கள் அந்தக் கட்சிக்காரர்களையும், எதிர்த்தரப்பில் வேலை செய்த மற்ற வக்கீல்களையும் விசாரித்து முடிவு செய்கிறார்கள். பட்டியலில் இடம் பெறக் கட்டணம் இல்லை. ஆனால் பக்கத்தில் நிறுவனத்தின் விவரத்தை விரிவாகப் போட வேண்டுமானால் காசு உண்டு.

அமெரிக்காவில் இன்னும் வெளிப்படை. அங்கே ஒரு சட்டப் பத்திரிகை ஆண்டுதோறும் நிறுவனங்களின் மொத்த வருமானத்தை வைத்தே முதல் நூறு என்று வரிசை போடுகிறது. ஒரு பங்குதாரருக்கு எவ்வளவு லாபம் என்று கூட அச்சில் வருகிறது. இங்கிலாந்தில் லண்டனின் ஐந்து பெரிய நிறுவனங்களுக்கு "மேஜிக் சர்க்கிள்" என்று ஊரார் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. நம் நாட்டு நிறுவனங்களில் பல சாதாரணக் கூட்டாண்மைகள். வரவு செலவை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே இங்கே ஆள் எண்ணிக்கை, கையாண்ட பெரிய பேரங்கள், கட்சிக்காரர் சொல் ஆகியவையே அளவுகோல்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தப் பட்டியல் பெரிய கம்பெனிகளின் சட்ட அதிகாரிகளுக்காகப் போடப்படுவது. ஆயிரம் கோடி பேரத்தை யார் திறம்பட முடித்தார் என்று அது சொல்லும். வாடகைக் கடையைக் காலி செய்யச் சொல்லும் வழக்கையோ, உணவுப் பாதுகாப்பு அதிகாரி எடுத்த மாதிரி பற்றிய வழக்கையோ யார் நன்றாக நடத்துவார் என்று அது சொல்லாது. லாரி லோடுக்கான எடைமேடையில் ஏலக்காயை நிறுக்க முடியுமா?

சீனியர் என்ற பட்டம்

தனி வக்கீல்களுக்கும் ஒரு தர முத்திரை உண்டு. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி, உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் திறமையுள்ள சிலரை மூத்த வழக்கறிஞர் என்று அறிவிக்கின்றன. வயதானவர் எல்லாரும் இந்தச் சீனியர் அல்லர். இது நீதிமன்றம் கொடுக்கும் தகுதி.

இதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே பெரிய வழக்கு நடந்தது. 2017-ல் உச்ச நீதிமன்றம் நூறு மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தது. தொழில் செய்த ஆண்டுகளுக்கு 20, வாதாடிய வழக்குகளும் தீர்ப்புகளும் முதலியவற்றுக்கு 40, எழுதிய நூல், கட்டுரைகளுக்கு 15, நேர்முகத்துக்கு 25 என்று பிரித்தது. 2023-ல் அந்தக் கணக்கை மாற்றியது. 2025 மே மாதத்தில், மார்க் போட்டு மனிதரை அளப்பது சரிவரவில்லை என்று அந்த முறையையே கைவிட்டது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்துக்கே வக்கீலைத் தரம் பிரிப்பது இவ்வளவு சிரமமான வேலை என்றால், நாம் பலகையைப் பார்த்து முடிவு செய்வது எந்த மூலைக்கு?

சீனியர் பட்டம் பெற்றவர் நேரடியாகக் கட்சிக்காரரிடம் வழக்கு வாங்கக் கூடாது. வக்காலத்து தாக்கல் செய்யக் கூடாது. இன்னொரு வக்கீல் வழியாகத்தான் அவரை அமர்த்த முடியும். ஆகவே சீனியரை வைத்தாலும், நம் வழக்கின் தேதியும் கட்டும் இருப்பது அந்த இன்னொரு வக்கீலின் மேசையில்தான்.

விளம்பரம் ஏன் இல்லை?

நாம் கடை வாசலில் தட்டி வைக்கிறோம். விலை எழுதிப் போடுகிறோம். வக்கீல் அப்படிச் செய்ய முடியாது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36-ஆம் விதி விளம்பரத்தையும் ஆள் பிடிப்பதையும் தடை செய்கிறது. 2008-ல்தான் வலைத்தளத்தில் பெயர், முகவரி, தகுதி, தொழில் துறை ஆகியவற்றைக் குறிப்பிட அனுமதி வந்தது. 2024 ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றம், வலைத்தளங்களில் வக்கீல்களைப் பட்டியலிட்டு ரகம் பிரித்துக் காட்டி வேலை பிடிப்பதைக் கடுமையாகக் கண்டித்தது. சட்டத் தொழில் வியாபாரம் அல்ல, சேவை என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஆகவே செல்போனில் ஐந்து நட்சத்திரத்தோடு ஒரு வக்கீல் பெயர் வந்தால், அது ஓட்டலுக்குப் போடும் நட்சத்திரத்தைப் போன்றது என்று நம்பிவிட வேண்டாம்.

அயல்நாட்டு நிறுவனங்கள் இங்கே வரலாமா என்ற வழக்கும் சென்னையில் பிறந்ததே. உயர் நீதிமன்றம் 2012-லும் உச்ச நீதிமன்றம் 2018-லும் அவர்கள் இங்கே தொழில் நடத்த முடியாது, அவ்வப்போது வந்து ஆலோசனை சொல்லிப் போகலாம் என்று கூறின. 2023-ல் வழக்கறிஞர் மன்றம் விதி செய்து, 2025-ல் திருத்தி, பதிவு செய்துகொண்டு அயல்நாட்டுச் சட்டம் பற்றிய ஆலோசனை வழங்க இடம் கொடுத்திருக்கிறது. நம் நீதிமன்றத்தில் வாதாட அவர்களுக்கு இடமில்லை.

நாங்கள் பட்ட பாடு

சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமை பெறாது. 2009-ல் வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் எங்களுக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்குச் செக் கொடுத்தார். "அண்ணாச்சி, இந்த வாரம் போடாதீங்க, அடுத்த வாரம் போடுங்க" என்று தவணை சொல்லிச் சொல்லி, செக்கின் கெடு முடியும் தறுவாயில்தான் வங்கியில் போட்டோம். பணமில்லை என்று திரும்பியது.

நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, பெரிய பெயருள்ள ஓர் அலுவலகத்துக்குப் போனோம். பித்தளைப் பலகை, குளிர்சாதன அறை, சுவர் நிறையப் புத்தகம். பார்த்ததும் மனம் நிறைந்தது. பெரியவர் ஐந்து நிமிடம் பேசினார். காகிதங்களை ஒரு ஜூனியர் வாங்கிக்கொண்டார். அவர் இன்னொருவரிடம் கொடுத்தார். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் கொடுத்தவருக்கு நோட்டீசு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். எங்கள் நோட்டீசு போனது 34-ஆவது நாள். செக்கின் ஆயுளும் முடிந்துவிட்டதால் மறுபடி வங்கியில் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. 138-ஆவது பிரிவு எங்களுக்குக் கைவிட்டுப் போயிற்று.

பிறகு மயிலாப்பூரில் மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை வைத்திருந்த ஒரு வக்கீலிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, "கடைசிச் சரக்கு எந்தத் தேதியில் போனது? பில் இருக்கிறதா?" என்பதுதான். பணம் வசூலிக்கச் சிவில் வழக்குப் போட மூன்று ஆண்டுக் கெடு இருக்கிறது என்று சொல்லி, பேரேட்டையும் லாரி ரசீதையும் வைத்து வழக்குப் போட்டார். லோக் அதாலத்தில் பேசி முடித்து 1 லட்சத்து 90 ஆயிரம் கைக்கு வந்தது. மீதி போனது போனதுதான்.

அந்தப் பெரிய அலுவலகத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. கம்பெனி வழக்குகளில் அவர்கள் கெட்டிக்காரர்களாகவே இருக்கலாம். "கடைசி நாள் எது?" என்று ஒரு வார்த்தை கேட்காதது எங்கள் பிழை. 34-ஆம் நாள் வரை நாங்களும் அந்தப் பெரிய பெயரை நம்பி உட்கார்ந்திருந்தோம்.

வணிகர் பார்க்க வேண்டிய தரம்

2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. ஒழுங்கீனம் என்றால் வழக்கறிஞர் மன்றத்தில் புகார் செய்யலாம். சிவில் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. வாங்கிய சரக்கைத் திருப்ப வழி குறைவு என்றால், வாங்கும்போதே பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆகவே வக்கீலை அமர்த்தும் முன் பின்வருவனவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்க:

1. இதே மாதிரி வழக்கை நடத்தியிருக்கிறாரா? ஜி.எஸ்.டி. நோட்டீசுக்கு அந்தத் துறை அறிந்தவர். வாடகை வழக்குக்கு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் அறிந்தவர்.

2. கட்டு யார் கையில் இருக்கும்? நீதிமன்றத்தில் நமக்காக எழுந்து நிற்பவர் யார்? அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும்.

3. கடைசி நாள் எது? அதை நம் கடை நாட்காட்டியிலும் குறித்து வைக்க வேண்டும்.

4. கட்டணம் எவ்வளவு, எப்போது எப்போது? எழுதி வாங்குக. ஜெயித்தால் வரும் பணத்தில் இத்தனை பங்கு என்று பேசுவது வழக்கறிஞர் விதிகளுக்கு முரணானது. அப்படிப் பேசுபவரிடம் எச்சரிக்கை தேவை.

5. ஜி.எஸ்.டி. பதிவுள்ள வணிகர், தொழிலுக்காக வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கான வரியைத் தாமே செலுத்தும் முறை இருக்கிறது. உங்கள் கணக்கரைக் கேட்டுக்கொள்க.

6. கொடுக்கும் காகிதங்களுக்கு நகல் எடுத்து வைத்துக்கொள்க. கட்டண பாக்கிக்காக வக்கீல் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லியிருக்கிறது.

7. சமரசத்துக்கு வழி இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். நம் உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்கி வருகிறது. லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

பெரிய நிறுவனங்கள் வேண்டாம் என்பது நம் கருத்தல்ல. கம்பெனியோடு ஏஜென்சி ஒப்பந்தம், பிராண்டுப் பெயர் பிரச்சினை, பல மாநில வரி வழக்கு என்று வந்தால் அவர்களுடைய ஆள்பலம் தேவைப்படலாம். அப்போதும் அந்தத் துறையில் அவர்கள் எந்த அடுக்கில் இருக்கிறார்கள் என்று பார்ப்பதோடு, மேற்சொன்ன கேள்விகளையும் கேட்க வேண்டும். பட்டியல் சொல்வது நேற்று அவர்கள் செய்த வேலையை. நாளை நம் நோட்டீசு எந்தத் தேதியில் போகும் என்பதை அது சொல்லாது.

கடைக்குள் வரும் எந்த மூட்டையையும் பிரித்துப் பார்க்காமல் நாம் அடுக்குவதில்லை. வழக்கு விஷயத்திலும் அந்தப் பழக்கத்தை விடாதிருப்போம். நம் அங்கத்தினர் யாருக்காவது செக் திரும்பி வந்திருந்தால், இந்தக் கட்டுரையை மூடியதும் முதல் வேலையாகத் தேதியை எண்ணிப் பாருங்கள்.